தண்ணி வந்திட்டுதோ?

எண்பத்துநாலாம் ஆண்டு மாசிக் கடைசியில் ஏரம்பர் புது இறைப்பு மெசின் ஒன்று வாங்கினார். அதை மண்கும்பானிலுள்ள தன் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கிய நாளில், மூத்த மகனுக்குப் பொம்பிளை எடுத்து வந்தவர்போல வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு முதல்நாள் அவர் செய்த எடுப்பும் அப்படித்தான். கிணற்றை வற்ற இறைத்து, பதினைந்து வருடத்துச் சேற்றை வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டினார். அடியில் கடற்கரைச் சல்லிமணல் பரப்பினார். உறிஞ்சுகுழாயின் வாயில், கண் சின்னதான புதுப் பித்தளைச் சல்லடை பூட்டினார். கிணற்றடியிலிருந்து தோட்டக் கடைசி வரைக்கும் ஓடுகிற நூற்றிருபது யார் வாய்க்காலைக்கூட விட்டுவைக்கவில்லை. அதன் அடியிலும் கரையிலும் கறுப்பாய்ப் படிந்து கிடந்த கசண்டு முழுவதையும் மண்வெட்டியால் சீவி எடுத்து, வெள்ளை மணல் பளிச்சென்று தெரியப் பண்ணினார். சீவியதையும் வீணாக்கவில்லை. நல்ல பசளை என்று கடகத்தில் அள்ளித் தன்னுடைய வெங்காயப் பாத்திகளுக்குப் போட்டார்.

மற்றநாள் காலையில் அவர் மனைவி சிவக்கொழுந்து மெசினின் எண்ணெய்த் தாங்கிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கிணற்றுக்குள் ஒரு செம்பு பால் வார்த்தாள். கயிற்றைச் சுற்றி ஒரே ஒரு இழுவை. மெசின் பிடித்துக்கொண்டது. குழாயால் வந்த தண்ணீரைக் கையில் ஏந்திய ஏரம்பர், “பாருங்கோ, அப்பிடியே தேத்தண்ணி வைக்கலாம்” என்றார். பழைய மெசினின் சல்லடை எந்தக் காலத்திலோ துருப்பிடித்து உதிர்ந்துபோனது. அது சேறும் தண்ணீருமாக, சிலவேளை ஒரு தவளைக்குஞ்சையும் சேர்த்துத்தான் இறைக்கும். புது மெசினின் தண்ணீரிலோ ஏரம்பரின் கைரேகை தெரிந்தது.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

வாய்க்காலின் கடைசியில் இருந்த இரண்டு பரப்பும் ஏரம்பரின் தங்கை யோகம்மாவின் சீதனக் காணி. இருபது வருடமாக அதையும் ஏரம்பர்தான் செய்துவந்தார். யோகம்மாவின் புருசன் தம்பிஐயா கொழும்பில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். போன ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கியபோது அவருடைய கையில் ஒரு துணிப்பையும், சட்டைப் பையில் ஆணி கழற்றும் திருப்புளி ஒன்றும் இருந்தன. ஐந்தாறு மாதம் விறாந்தையில் கதிரையைப் போட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் ஒருநாள் எழும்பி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காணிக்குப் போனார். மச்சான் காட்டித்தர, ஆயிரத்து ஐந்நூறு மிளகாய்க்கன்று தன் கையால் நட்டார். தன் வயதுக்கு முதல்முதலாக மண்ணில் நட்டது அதுதான். கன்று ஒவ்வொன்றையும் அவருக்கு முகம் தெரியும் என்று யோகம்மா பகிடி பண்ணுவாள். பங்குனி பிறக்கக் கன்றுகள் பூத்தன. இப்போது நாலு நாளைக்கொருக்கால் தண்ணீர் வயிறு நிறையக் கிடைக்காவிட்டால் பூ உதிரும். பூ உதிர்ந்தால் தம்பிஐயா திரும்பவும் கதிரைக்குப் போய்விடுவார் என்பதுதான் யோகம்மாவின் பயம். அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இறைக்கிற நாளில் ஏரம்பர் கிணற்றடியில் நிற்பார். கிணற்றோடு ஒட்டிக் கிடக்கும் தன் வெங்காயத்துக்கு முதலில் விட்டுவிட்டு, பிறகு வாய்க்காலைத் திறந்து தங்கச்சியின் பக்கம் விடுவார். கடைசியில் தம்பிஐயா மண்வெட்டியோடு நின்று, பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பி மாறுவார். மெசின் சத்தத்துக்கு மேலால் ஏரம்பர் கூப்பிட்டுக் கேட்பார்:

“தண்ணி வந்திட்டுதோ?”

பழைய மெசினில் ஒன்பது நிமிசம். தம்பிஐயா மணிக்கூட்டைப் பார்த்து வைத்திருந்தார். புது மெசினில் பத்து நிமிசம் போனது, இருபது போனது.

“தண்ணி வந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை மச்சான்!”

முப்பத்தைந்தாவது நிமிசம் வாய்க்காலின் வெள்ளை மணலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஊர்ந்து வந்தது. மூன்று பாத்தி நனைவதற்குள் கிணற்றில் மட்டம் இறங்கிவிட்டது. மண்கும்பானில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும். அடிவரைக்கும் இழுத்தால் உப்பு ஏறிவிடும். ஏரம்பர் மெசினை நிற்பாட்டினார்.

அடுத்த இறைப்பும் அப்படியே. அதற்கடுத்த நாள் யோகம்மா கிணற்றடிக்குப் போனாள். தமையனுடைய வெங்காயம் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றதை நின்று பார்த்தாள். பார்த்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா வரவில்லை.

“புது மெசினுக்கு உங்கடை பாத்தியள் மட்டும்தான் தெரியுமாக்கும், அண்ணை.”

“என்னடி சொல்லுறாய்?”

“நான் என்னத்தைச் சொல்ல? வெங்காயம் சொல்லுது. என்ரை மனுசன்ரை மிளகாய்க்கண்டு வாடிப்போய்க் கிடக்கு, இஞ்சை தண்ணி வரம்பு மேவி நிக்குது.”

“நான் தண்ணியை மறிச்சு வைக்கிறன் எண்டுறியோ? என்னைப் பாத்தோ கேக்கிறாய்?”

“மறிச்சதெண்டு நான் சொன்னனானோ? நீங்களாத்தானே சொல்லுறியள்!”

அன்றோடு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். சிவக்கொழுந்து வேலிப் பொட்டு இடைவெளியால் நீட்டிய மீன்குழம்புச் சட்டியை யோகம்மா வாங்கினாள், ஏனென்றால் மச்சாளோடு அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் அண்ணன் வாங்கி வந்த மீன் என்பதால் அந்தக் குழம்பை அவள் தொடவில்லை. தம்பிஐயா இரண்டு பேருடைய பங்கையும் சாப்பிட்டார்.

ஏரம்பருக்கு மானப் பிரச்சினை. நாரந்தனையிலிருந்து மெக்கானிக் அப்புத்துரையைக் கூப்பிட்டார். அப்புத்துரை சைக்கிளில் வந்து, பழஞ்சோற்றுக் கரைச்சலில் இரண்டு கிண்ணம் குடித்து, பச்சைமிளகாயைக் கடித்து முடித்த பிறகுதான் மெசினைத் திரும்பிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காபரேட்டரைப் பிரித்து ஊதினார். சல்லடையைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றை இழுத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“மெசின் தங்கம்.”

“அப்ப ஏன் தண்ணி போகுதில்லை?” என்றார் ஏரம்பர்.

“அது மெசினைக் கேக்கிற கேள்வி இல்லை. குழாயாலை வாறதைப் பாருமன், யானை மூத்திரம் பெய்தமாதிரி வருது.”

“அந்தக் கடைசியிலை பூனை பெய்தமாதிரியெல்லே வருது” என்றார் தம்பிஐயா.

அப்புத்துரை கொஞ்சம் யோசித்து, “பழைய மெசினை எறிஞ்சிட்டியளோ?” என்று கேட்டார். எறியவில்லை, மாட்டுக்கொட்டிலில் சாக்கால் மூடிக் கிடந்தது. அதைத் தூக்கி வந்து பழையபடி பூட்டி ஒருநாள் இறைத்துப் பார்க்கலாம் என்று தம்பிஐயா சொன்னார். ஏரம்பருக்குப் பொருந்தவில்லை. புதுப் பொம்பிளையைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னதுபோல முகம் போயிற்று. ஆனாலும் தங்கச்சியின் வாய்க்குப் பயந்து ஒத்துக்கொண்டார். புதுக் குழாயிலும் புதுச் சல்லடையிலும் பழைய மெசினைப் பூட்டி, மூவரும் வியர்த்து, நாலைந்து இழுவையில் அதை எழுப்பினார்கள்.

“தண்ணி வந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை!”

நாற்பது நிமிசத்துக்குப் பிறகும் இல்லை. பழைய மெசினில் புதுசைவிட மோசம். ஏரம்பர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் பார்த்துப் பெரிய குரலில் சொன்னார்:

“இப்ப ஆரேன் விளங்கிக் கொள்ளட்டும்! மெசினிலை ஒரு குறையும் இல்லை!”

வேலிக்கு அங்காலிருந்து யோகம்மா தன் புருசனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்:

“இஞ்சேருங்கோ, மெசினிலை குறை இல்லையெண்டால் பேந்து ஆரிலை குறையாம்?”

அப்புத்துரை இனி அங்கே நிற்பது புத்தியில்லை என்று சைக்கிளை எடுத்தார்.

ஆனால் தம்பிஐயாவுக்கு அன்றைக்குத்தான் உசார் வந்தது. கொழும்பில் எத்தனையோ றேடியோக்கள் அவர் மேசைக்கு வந்திருக்கின்றன. புது வால்வு போட்டேன், அதன் பிறகுதான் சத்தம் குறைந்தது என்று கொண்டு வருவார்கள். பழைய வால்வைத் திரும்பப் போட்டாலும் சத்தம் குறைவாகவே இருந்தால், வால்வைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. வால்வு போட்ட அன்றைக்குக் கை வேறு எங்கே பட்டது என்று தேட வேண்டும். ஒரு முனையில் தொடங்கி, சத்தம் எந்த இடத்தில் சாகிறது என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்த இறைப்பு நாளில் அவர் பத்து யாருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பூவரசங்குச்சிகளை வாய்க்காலில் நட்டார். குச்சியில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கிறது என்று திருப்புளியால் கீறி அடையாளம் வைத்தார். பூவரசம்பூ ஒன்றைத் தண்ணீரில் விட்டு, மணிக்கூட்டோடு அதற்குப் பின்னால் நடந்தார். ஏரம்பர் கிணற்றுக்கட்டில் இருந்து சிரியோ சிரியென்று சிரித்தார்.

“மச்சான், பூவைக் கூட்டிக்கொண்டு எங்கை போறீர்? கோயிலுக்கோ?”

“சத்தம் எங்கை சாகுதெண்டு பாக்கிறன்.”

“என்ன சத்தம்?”

“தண்ணிச் சத்தம்.”

“கொழும்பு வெய்யிலும் மண்கும்பான் வெய்யிலும் ஒண்டில்லைக் கண்டீரோ. தலையிலை துவாயைக் கட்டும்” என்றார் ஏரம்பர். சொன்னதோடு நில்லாமல் தன் துவாயையே எறிந்தும் கொடுத்தார்.

பன்னிரண்டு குச்சியையும் பார்த்து முடித்த தம்பிஐயா குழம்பிப்போனார். எங்கேயாவது நண்டு வளையோ எலிப் பொந்தோ இருந்தால் அந்த ஒரு இடத்தில் தண்ணீர் சட்டென்று குறைய வேண்டும். அப்படி இல்லை. ஒவ்வொரு குச்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. ஓரிடத்திலும் உடைவு இல்லை, எல்லா இடத்திலும் களவு. இப்படி ஒரு பழுதை அவர் எந்த றேடியோவிலும் கண்டதில்லை. அன்று பின்னேரம் இருபது முப்பது பூக்கள் உதிர்ந்து கிடந்ததை அவர் பொறுக்கி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யோகம்மா அதைக் கண்டும் காணாதவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. யோகம்மா விடிந்ததும் முற்றத்தைக் கூட்டி, சாணியும் களிமண்ணும் கரைத்து மெழுகத் தொடங்கினாள். தம்பிஐயா வெறும் தேத்தண்ணியும் கையில் பனங்கட்டித் துண்டுமாகப் படியில் குந்தியிருந்தார். பாதி முற்றம் மெழுகி முடியக் குசினிக்குள்ளிருந்து பால் பொங்கும் மணம் வந்தது. அவள் எழும்பி ஓடினாள். ஓடுகிற அவசரத்தில் கால் தட்டி, கை கழுவ வைத்திருந்த வாளி கவிழ்ந்தது.

மெழுகிய பக்கம் போன தண்ணீர் அப்படியே விரிந்து ஓடி வாசல் படலையடிக்குப் போய்விட்டது. மெழுகாத பக்கம் போன தண்ணீர் இரண்டு முழம்கூடப் போகவில்லை. மணல் அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் நடவாததுபோலக் கிடந்தது.

தம்பிஐயா தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“யோகம்! யோகம், இஞ்சை ஓடிவாரும்!”

“பொறுங்கோ, பால் பொங்குது!”

“பால் பொங்கட்டும், நீர் வாரும்!”

அவள் அகப்பையோடு வந்தாள். தம்பிஐயா இன்னொரு வாளி தண்ணீரைத் தூக்கி, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக ஊற்றிக் காட்டினார்.

“உதென்ன புதினமே?” என்றாள் யோகம்மா. “மெழுகாத மணல் குடிக்கும்தானே. உதுக்கோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?”

“அப்ப வாய்க்கால்?”

யோகம்மா குனிந்து ஈர மணலைத் தொட்டுப் பார்த்தாள்.

“பதினைஞ்சு வருசமாப் பழைய மெசின் சேத்துத் தண்ணியை இறைச்சு இறைச்சு அந்த வாய்க்காலை மெழுகி வைச்சிருக்கு” என்றார் தம்பிஐயா. அவருக்கு மூச்சு வாங்கியது. “கறுப்பாக் கிடந்துதே, அது ஊத்தை இல்லை, அதுதான் மெழுக்கு. உம்முடைய கொண்ணர் மெசின் வருகுதெண்டு அவ்வளத்தையும் சீவி எடுத்துப்போட்டார். மெசின் மாத்தினது ஒண்டு. அதே நேரம் கிணத்தைத் துப்பரவாக்கினது ஒண்டு, சல்லடை போட்டது ஒண்டு, வாய்க்கால் சீவினது ஒண்டு. நாங்கள் எல்லாரும் மெசினையே பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்!”

“அப்ப அண்ணை தண்ணியை மறிக்கேல்லை” என்றாள் யோகம்மா மெதுவாக.

“அந்தாளுக்கு மறிக்கத் தெரிஞ்சால் ஏன் என்ரை தலைக்கு வெய்யில் எண்டு துவாயை எறியிறார்?”

குசினிக்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

ஏரம்பரிடம் இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது பெரிய பாடாயிற்று. சுத்தம் செய்ததால் கெட்டுப்போயிற்று என்ற கதையை அவர் வயதுக்குக் கேட்டதில்லை. “துப்பரவாக்கினது பிழையோ? அப்ப நாளைக்கு முழுகினதும் பிழையெண்டுவீர்” என்று பாய்ந்தார். தம்பிஐயா வாதாடவில்லை. ஐந்தாம் குச்சிக்கும் ஆறாம் குச்சிக்கும் நடுவிலுள்ள பத்து யாரை மட்டும் மெழுகிப் பார்க்க விடும்படி கேட்டார். வேறொன்றையும் தொடக்கூடாது, மெசினும் அதே, கிணறும் அதே, சல்லடையும் அதே. குளத்தடியிலிருந்து ஒரு கடகம் களி கொண்டுவந்து, சாணி சேர்த்துக் குழைத்து, அந்தப் பத்து யாரையும் அவரும் யோகம்மாவுமாக மெழுகினார்கள். பின்னேரம் காய்ந்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் மெசினைப் போட்டார்கள்.

நாலாம் குச்சியில் குறைந்தது, ஐந்தாம் குச்சியில் குறைந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு நெல்லுக்கனம்கூடக் குறையவில்லை. ஏழாம் குச்சியில் திரும்பக் குறைந்தது. ஏரம்பர் குனிந்து ஆறாம் குச்சியைப் பார்த்தார். நிமிர்ந்து ஐந்தைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். பிறகு எழும்பித் தன் வெங்காயப் பாத்திப் பக்கம் திரும்பினார்.

“வாய்க்காலிலை சீவி என்ரை வெங்காயத்துக்குப் போட்டது அவள்ரை தண்ணியைத்தான்” என்றார். “அவள் சொன்னது சரிதான் மச்சான். நான் மறிச்சனான்தான். தெரியாமல் மறிச்சிட்டன்.”

“அதை அவவிட்டைச் சொல்லுங்கோவன்.”

“ஏலாது. எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

சொல்லத்தான் ஏலாமல் இருந்தது. வேலை செய்ய ஏலும்தானே. மற்றநாள் விடியவே ஏரம்பர் வண்டில் பூட்டிக் குளத்தடிக்குப் போய் மூன்று தரம் களி ஏற்றி வந்தார். மாட்டுக்கொட்டில் சாணி முழுவதும் கிணற்றடிக்கு வந்தது. சிவக்கொழுந்து கிணற்றுப் பக்கமிருந்தும் யோகம்மா தோட்டக் கடைசியிலிருந்தும் மெழுகிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. தம்பிஐயா களி மிதித்தார். வேட்டியைக் கொடுக்குக் கட்டி, முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்று மிதித்த மனுசனைப் பார்த்து, “றேடியோக்கடை முதலாளி ஆடுற ஆட்டத்தைப் பாருங்கோவன்” என்று சிவக்கொழுந்து சிரித்தாள். அவரும் வேண்டுமென்றே இரண்டு எட்டு ஆடிக் காட்டினார். நடுமத்தியானம் வேப்பமர நிழலில், பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் வந்தது. நண்டும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, மிளகாய் உறைக்க உறைக்கக் காய்ச்சிய கூழ். பிலாவிலையை மடித்துக் கோலி, மூக்கால் தண்ணீர் வடிய எல்லாரும் குடித்தார்கள். யோகம்மாவும் குடித்தாள். நண்டு அண்ணன் வாங்கியதுதான். அவள் இரண்டு கால் கூடவே எடுத்தாள்.

ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்பது நாள் மூடின வாயைத் தானாகத் திறக்க அவளுக்கும் வெட்கம். ஏரம்பர் களிக் கடகத்தைத் தூக்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இஞ்சேருங்கோ,” என்று அவள் இருபது யாருக்கு அங்கால் நின்ற புருசனைக் கூப்பிட்டாள். “களி இறுகிப்போச்சு, இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைக்கச் சொல்லுங்கோ.”

“மச்சான்,” என்று ஏரம்பரும் அவளுக்கு ஒரு முழத்தில் நின்றுகொண்டே சத்தம் போட்டார், “தண்ணி விடுறன் எண்டு சொல்லும்!”

“ரெண்டு பேருக்கும் நடுவிலை நான் என்ன தபால்கந்தோரோ?” என்றார் தம்பிஐயா சேற்றுக்குள் நின்று.

இரண்டு நாள் காய விட்டார்கள். மூன்றாம் நாள் இறைப்பு. சல்லடையைக் கழற்ற வேண்டாம், இந்த மெழுக்கு நிற்கும், வருடத்துக்கொருக்கால் பூசினால் போதும் என்று தம்பிஐயா சொல்லியிருந்தார். சிவக்கொழுந்து இன்னுமொரு தேங்காய் உடைத்தாள், இந்தமுறை வாய்க்காலுக்கு. ஏரம்பர் கயிற்றை இழுத்தார். மெசின் ஓடியது. அன்று தன் வெங்காயத்தை விட்டுவிட்டு, முதலில் தங்கச்சி பக்கம் திறந்தார்.

கடைசியில் தம்பிஐயா மண்வெட்டியோடு நின்றார். யோகம்மா வரப்பில் நின்றாள். தம்பிஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நிமிசம். ஆறு. ஏழாவது நிமிசம், மண்ணிறமாக மெழுகிய வாய்க்காலில், உதிர்ந்த பூவரசம் இலை ஒன்றை முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. விரல் அகலம் இல்லை, வாய்க்கால் நிறைய. முதல் பாத்தி நிறைந்தது, தம்பிஐயா மாறினார். இரண்டாவது நிறைந்தது, மாறினார். வேர் நனைந்த கன்றுகளின் மேலால் குனிந்து, “குடியுங்கோ, குடியுங்கோ” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை யோகம்மா கேட்டாள். அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு. போன ஆடிக்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

கடைசிப் பாத்தியும் நிறைந்தது. தண்ணீர் நிற்கவில்லை. வரம்பு ஒரு இடத்தில் கரைந்து உடைந்தது. தம்பிஐயா மண் வெட்டிப் போட்டு அடைக்க, பக்கத்தில் இன்னொரு இடம் உடைந்தது.

“காணும் மச்சான்! காணும்!” என்று கத்தினார். றேடியோவுக்குப் பக்கத்தில் மெதுவாகப் பேசியே பழகிய குரல் அது. மெசின் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோயிற்று.

தூரத்தில் கிணற்றடியிலிருந்து வழக்கமான கேள்வி வந்தது.

“தண்ணி வந்திட்டுதோ?”

“வந்திட்டுது! நிப்பாட்டுங்கோ!” தம்பிஐயாவின் குரல் பாதி வழிகூடப் போகவில்லை. தண்ணீர் அவருடைய கணுக்காலுக்கு மேல் ஏறியது.

யோகம்மா வரப்பின் உயரத்தில் ஏறினாள். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள்.

“அண்ணை! காணும் அண்ணை! நிப்பாட்டுங்கோ!”

மெசின் நின்றது. தோட்டம் முழுவதும் அமைதியாயிற்று. கிணற்றடியில் ஏரம்பர் துவாயால் முகத்தைத் துடைப்பது இங்கிருந்தே தெரிந்தது.

“ஆர் கூப்பிட்டது?” என்றார் அவர். “எனக்குக் கேக்கேல்லை!”

“நான்தான் அண்ணை! யோகம்!”

மெசின் நின்றபடி நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

“இன்னும் கேக்கேல்லை!” என்றார் ஏரம்பர்.